கூலிப்படையா, தானாக வந்தவர்களா?



இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்த டென்மார்க் இளைஞர்களைப் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதியிருந்தேன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் (பையன் என்கிறேன், அவனுக்கே இப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும்) இப்படிக் கேட்டான்: "சார், அவங்க நாடு ஜெர்மனியோட சண்டையே போடலையே. இன்னொரு நாட்டு யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு, அவன் குடுக்குற சம்பளத்தையும் வாங்கிக்கிட்டு சண்டை போட்டா, அது கூலிப்படைதானே?" எங்கள் உறவில் ஒரு பெண் அவனுக்குப் பதில் சொன்னாள்: "எந்தப் பக்கமா இருந்தா என்ன, யாரும் கட்டாயப்படுத்தாம தானா உயிரைக் குடுக்க வந்தவங்க எல்லாருமே வீரர்கள்தான்."

இரண்டு பேரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டுமே எனக்குச் சம்மதமில்லை. ஏன் என்று சொல்ல இடம் வேண்டும் என்பதால் தனியாக எழுதுகிறேன். நீளமாக இருக்கும். வகுப்பில் மணி அடித்த பிறகும் நிறுத்தாத ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியாததா. நம் ஊர்ப் பெயரும் இதில் வருகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் பாடப்புத்தகங்களில் டென்மார்க்குக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கும்: "ஹிட்லர் டென்மார்க்கையும் நார்வேயையும் கைப்பற்றினார்." நானும் அதை எத்தனையோ வருடம் ஒரே மூச்சில் படித்துக் கடந்திருக்கிறேன். ஆனால் அந்த "உம்" விகுதிக்குள் இரண்டு வேறு கதைகள் இருக்கின்றன. 1940 ஏப்ரல் 9 விடியற்காலையில் இரண்டு நாட்டுக்குள்ளும் ஜெர்மானியப் படை நுழைந்தது. டென்மார்க்கில் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. மன்னர் பத்தாம் கிறிஸ்தியன் கோபன்ஹேகனிலேயே இருந்தார். அமைச்சரவை இருந்தது, பாராளுமன்றமும் இருந்தது. 1943 ஆகஸ்ட் வரை அந்த அரசாங்கம் ஜெர்மானியரை அனுசரித்தே காலம் தள்ளியது. நார்வே இரண்டு மாதம் எதிர்த்து நின்றது. பிறகு அதன் மன்னர் ஏழாம் ஹாக்கோன் அமைச்சர்களோடு லண்டன் போய்ச் சேர்ந்தார். இந்த இரண்டு மன்னர்களும் உடன்பிறந்தவர்கள் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. கிறிஸ்தியன் அண்ணன், ஹாக்கோன் தம்பி.

இதனால் விமானிகளின் நிலையும் வேறாகிப் போனது. நார்வே விமானிக்கு உத்தரவு போட ஓர் அரசு இருந்தது. அந்த நாட்டின் பெரிய வணிகக் கப்பல் படை நேச நாடுகளுக்குச் சரக்கு ஏற்றிச் சம்பாதித்த பணமும் அந்த அரசின் கையில் இருந்தது. கனடாவில் டொரான்டோ நகரத்தின் ஏரிக்கரையில் 1940 நவம்பரில் "லிட்டில் நார்வே" என்ற பயிற்சி முகாமைத் திறந்தார்கள். அங்கே பழகியவர்கள் 331, 332 என்ற இரண்டு ஸ்பிட்ஃபயர் ஸ்குவாட்ரன்களில் பறந்தார்கள். பிரிட்டிஷ் தலைமையின் கீழ்தான் என்றாலும், தங்கள் மன்னரின் ஆணைக்கு உட்பட்ட படை அது.

டென்மார்க்காரனுக்கு அப்படி ஒரு கூரை கிடையாது. அவனுடைய மன்னரும் அரசும் "பேசாமல் இரு" என்று சொல்லிவிட்டார்கள். அதை மீறித்தான் அவன் புறப்பட வேண்டும். கை பீர்க்ஸ்டெட் என்பவர் டென்மார்க் கடற்படையின் விமானி. நாடு சரணடைந்ததும் சுவீடன் வழியாக நார்வேக்குத் தப்பினார். அங்கும் தோல்வி வரவே பிரிட்டன் போனார். டென்மார்க்குக்கென்று அங்கே படை ஏது? நார்வேயின் விமானப்படையில் சேர்ந்துகொண்டார். கடைசியில் அந்த இரண்டு நார்வே ஸ்குவாட்ரன்களையும் வானில் வழிநடத்தும் பொறுப்பே இந்த டென்மார்க்காரரிடம் வந்தது. பக்கத்து ஊர்ப் பையன் நம் ஊர் அணிக்குக் கேப்டன் ஆவது போல. போர் முடிந்ததும் ஊர் திரும்பி, டென்மார்க்கின் புதிய விமானப்படையை உருவாக்கும் வேலையில் உட்கார்ந்தார்.

தோமஸ் ஸ்னேயும், ஷெல் பெடர்சன் என்ற இருவர் போன விதத்தைச் சினிமாவில் காட்டினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஓடன்சே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக் கொட்டகையில், இறக்கை கழற்றி வைக்கப்பட்ட ஹார்னெட் மாத் என்ற சின்ன விமானம் இருந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, துணி போர்த்திய விமானம். அதை ரகசியமாகப் பூட்டிச் சரிசெய்து, 1941 ஜூனில் ஓர் இரவு கொட்டகையை விட்டு வெளியே தள்ளி அப்படியே பறந்துவிட்டார்கள். வடகடலைத் தாண்ட அந்த விமானத்தின் பெட்ரோல் தொட்டி போதாது. அதனால் கேன்களில் பெட்ரோலை உள்ளே ஏற்றிக்கொண்டு, நடுக்கடலுக்கு மேலே ஒருவர் கதவைத் திறந்து இறக்கை மேல் இறங்கி, ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் செருகினார். கீழே கடல், பாதி இருட்டு, முகத்தில் அறையும் காற்று. இங்கிலாந்தில் இறங்கியபோது ஸ்னேயுமிடம் ஃபானோ தீவில் ஜெர்மானியர் நிறுவியிருந்த ராடாரைப் படம் எடுத்த ஃபிலிம் இருந்தது.

வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சந்தேகம். இப்படியெல்லாம் யாராவது வர முடியுமா, ஜெர்மானியர்தான் அனுப்பியிருக்க வேண்டும் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். பெடர்சன் பிரிட்டிஷ் விமானப்படையில் விமானியானார். ஸ்னேயுமை உளவுக்காகத் திரும்ப டென்மார்க்கில் பாராசூட்டில் இறக்கினார்கள். பிறகு சுவீடன் வழியாக மறுபடி பிரிட்டன் வந்து சேர்ந்தவரை, இரட்டை உளவாளியாக இருப்பாரோ என்று லண்டனில் சிறையிலேயே போட்டார்கள். சொந்த அரசு வேண்டாம் என்றது, போய்ச் சேர்ந்த அரசும் நம்பவில்லை. இதையெல்லாம் கூலிக்காக ஒருவன் செய்வானா?

கூலிப்படை என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு பொருள் இருக்கிறது. ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977-ல் சேர்க்கப்பட்ட முதல் நெறிமுறையின் 47-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். சொந்த லாபமே முக்கிய நோக்கமாக இருக்க வேண்டும். அந்தப் படையின் சொந்தச் சிப்பாய்க்குத் தருவதைவிட மிக அதிகமான பணம் பேசப்பட்டிருக்க வேண்டும். போரிடும் நாட்டின் முறையான படையில் உறுப்பினராக இருக்கக் கூடாது. இன்னும் சில நிபந்தனைகளும் உண்டு, அத்தனையும் ஒருசேரப் பொருந்த வேண்டும். ஆங்கிலேய விமானிக்குக் கிடைத்த சம்பளத்துக்கு அதே படையில் சேர்ந்து, அதே ஒழுங்கு விதிகளுக்குக் கட்டுப்பட்டுப் பறந்த டென்மார்க்காரன் இதற்குள் வரமாட்டான். சம்பளம் வாங்கினான் என்பதற்காகக் கூலி என்றால், நம் எல்லையில் நிற்பவரையும் அப்படித்தான் சொல்ல வேண்டி வரும். பையனுக்கு என் பதில் இவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்கான பதில்தான் எனக்குக் கடினமாக இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் ஆட்கள் தானாகவே போனார்கள். போல் சோமர் என்ற டென்மார்க்காரர் ஜெர்மானிய விமானப்படையில் சேர்ந்து போர் விமானம் ஓட்டினார். பயிற்சியும் துணிச்சலும் இல்லாமல் அந்த இருக்கையில் யாரும் உட்கார முடியாது. நாஜிக் கொள்கையில் ஊறியவர். 1944-ல் டென்மார்க்கில் ஜெர்மானியருக்காக ஒரு காவல் படையைத் திரட்டினார். சொந்த ஊர்க்காரர்கள் அவர் பெயரைக் கேட்டாலே வெறுக்கும் நிலை வந்தது. இவரும் "தானாக வந்தவர்"தான். பீர்க்ஸ்டெட்டையும் இவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி மாலை போட என்னால் முடியாது.

இதில் கவனிக்க வேண்டிய விசித்திரம் ஒன்று உண்டு. 1941-ல் ரஷ்யாவுக்கு எதிராகப் போரிட "டென்மார்க் சுதந்திரப் படை" என்று ஒன்றை ஜெர்மானியர் திரட்டியபோது, டென்மார்க் அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. ராணுவ அதிகாரிகள் அதில் சேரலாம், பணி மூப்பு போகாது என்றது. போர் முடிந்ததும் 1945 ஜூனில் வந்த சட்டம், ஜெர்மானியப் படையில் சேர்ந்ததை முன்தேதியிட்டுக் குற்றமாக்கியது. அனுமதி வாங்கிக்கொண்டு போனவன் சிறைக்குப் போனான். அனுமதி இல்லாமல் ஓடிப்போனவனுக்கு மரியாதை. முன்தேதியிட்ட சட்டம் நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை என்றுதான் சொல்வேன். அனுமதி கொடுத்த கையே தண்டனையும் எழுதியது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் அதில் ஓர் உண்மை தெரிகிறது. கட்டாயத்தில் சேர்க்கப்பட்ட சிப்பாய் "எனக்கு உத்தரவு" என்று சொல்லித் தப்பிக்கவாவது பார்க்கலாம். தானாகப் போனவனுக்கு அந்த வார்த்தை கிடையாது. பெருமை வந்தாலும் பழி வந்தாலும் அவன் ஒருவன் தலையில்தான்.

நார்வேக்காரர் த்ரிக்வே கிரானின் கதையைப் படித்தபோதுதான் இது எனக்கு முழுசாக விளங்கியது. ஒரே மனிதர், இரண்டு போர். தென்துருவம் போன ஸ்காட் குழுவுக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொடுக்கப் போன இளைஞர் இவர். 1912 நவம்பரில் ஸ்காட்டின் உடலைத் தேடிக் கண்டுபிடித்த கூட்டத்தில் இருந்தார். அந்த இடத்தில் நட்ட சிலுவையைத் தன் பனிச்சறுக்குக் கட்டைகளால் செய்து கொடுத்துவிட்டு, ஸ்காட்டின் கட்டைகளை மாட்டிக்கொண்டு திரும்பினார். 1914 ஜூலை 30 அன்று ஒற்றை எஞ்சின் பிளேரியோ விமானத்தில் ஸ்காட்லாந்திலிருந்து நார்வே வரை பறந்தார். வடகடலை விமானத்தில் தாண்டிய முதல் ஆள். சில நாட்களில் முதல் உலகப்போர் வெடித்ததால் அந்தச் செய்தியைக் கவனிப்பாரில்லை. நார்வே நடுநிலை நாடு, இவரோ அதன் ராணுவ அதிகாரி. அதனால் "டெடி கிராண்ட், கனடாக்காரன்" என்று பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டு பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தார், பதக்கமும் பெற்றார். இத்தோடு நிறுத்தினால் எவ்வளவு அழகான பாடம்!

நிறுத்த முடியாது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் அவர் நாட்டைப் பிடித்தபோது, இதே கிரான் குவிஸ்லிங்கின் கட்சியில் இருந்தார். தாய்நாட்டைக் காட்டிக்கொடுத்தவனுக்கு ஆங்கிலத்தில் பொதுப்பெயராகிவிட்ட அதே குவிஸ்லிங்தான். அந்தப் பொம்மை அரசு 1944-ல் கிரானின் வடகடல் பயணத்தைக் கொண்டாடி அஞ்சல்தலைகூட வெளியிட்டது. 1948-ல் தேசத்துரோக வழக்கில் அவருக்கு 18 மாதம் சிறை. 1914-ல் இருந்த துணிச்சல் 1944-ல் அவரை விட்டுப் போய்விட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. துணிச்சல் அப்படியே இருந்திருக்கும். எங்கே நிற்கிறோம் என்று பார்க்கும் கண்தான் போயிருக்கிறது. ஒரு முறை சரியான பக்கம் நின்றவன் ஆயுள் முழுக்கச் சரியாகவே நிற்பான் என்று எந்தப் பதக்கமும் உத்தரவாதம் தருவதில்லை.

சுவீடன்காரர்களைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவு ஆகிவிடும். சுருக்கமாகச் சொல்கிறேன். 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை பின்லாந்தைத் தாக்கியது. அண்டை நாடான சுவீடன் நேரடியாகப் போரில் இறங்கவில்லை. ஆனால் விருப்பப்பட்டு வந்த விமானிகளைக் கொண்டு எஃப் 19 என்ற பிரிவு போகட்டும் என்று அனுமதித்து, 12 கிளாடியேட்டர் போர் விமானங்களையும் சில ஹார்ட் குண்டுவீச்சு விமானங்களையும் கொடுத்தது. 1940 ஜனவரி 12 அன்று வடக்கே உறைபனியில் முதல் தாக்குதல். அன்றைக்கே மூன்று ஹார்ட் விமானங்கள் போயின. மார்ச் 13 அன்று போர் நிற்கும் வரை அந்தச் சின்னப் பிரிவு வட பின்லாந்தின் வானத்தைக் காத்தது. அரசு வெளியே சொல்ல முடியாததைத் தன் ஆட்களின் "விருப்பம்" என்ற பெயரில் செய்துகொண்டது என்றும் இதைச் சொல்லலாம். அதில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. தாக்கப்பட்ட நாட்டுக்குத் தரையில் நின்று கை தட்டுவதைவிட அது மேல்.

அதே பனிக்காலப் போரில் இன்னொரு சுவீடன்காரரும் பறந்தார். கவுன்ட் கார்ல் குஸ்தாவ் ஃபான் ரோசன். ஒரு பயணிகள் விமானத்தையே குண்டுவீசும் விமானமாக மாற்றி ஓட்டியவர். அதற்கு முன்பே, 1935-36-ல் இத்தாலி எத்தியோப்பியாவைத் தாக்கியபோது செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் விமானத்தை அங்கே ஓட்டியிருந்தார். பிரிட்டிஷ் விமானப்படையில் சேரப் பார்த்தார், அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்: ஹிட்லரின் விமானப்படைத் தளபதி கோரிங் இவருக்குச் சித்தப்பா முறை. இவருடைய தாயின் தங்கையைத்தான் கோரிங் கட்டியிருந்தார்.

1968-ல் நைஜீரியாவிலிருந்து பிரிந்த பியாஃப்ராவில் பட்டினியால் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தபோது, முற்றுகையை மீறி உணவு விமானத்தை இறக்கியவர் இவர். மறு ஆண்டு மே மாதம், 59 வயதில், ஐந்து சின்னஞ்சிறு பயிற்சி விமானங்களில் ராக்கெட் பொருத்தி நைஜீரிய விமானத் தளங்களைத் தாக்கினார். உணவு கொண்டுபோன கை ராக்கெட்டை எடுத்தது. சரியா, தவறா? உணவு விமானங்களை வானிலேயே சுடுகிறவர்களைத் தரையிலேயே தடுக்க வேண்டும் என்று அவர் நினைத்தது எனக்குப் புரிகிறது. இன்னொருவர் வீட்டு உள்நாட்டுப் போரில் வெளியூர்க்காரன் ஆயுதம் எடுத்தால் அந்தப் போர் நீளும் என்பதும் புரிகிறது. அவர் ரொட்டியோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். உங்களில் பலர் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். 1977-ல் எத்தியோப்பியாவின் கோடே என்ற ஊரில், சோமாலியப் படைகள் தாக்கியபோது இறந்தார். அப்போது அவர் அங்கே செய்துகொண்டிருந்தது பஞ்ச நிவாரண வேலை.

இனி நம் ஊர்ப் பெயருக்கு வருகிறேன்.

வெளிநாடுகளில் வாழ்ந்த டென்மார்க் மக்கள் காசு சேர்த்து மூன்று ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கான பணத்தைக் கொடுத்தார்கள். 1942 ஏப்ரலில் அவை ஒரே ஸ்குவாட்ரனில் இருந்த மூன்று டென்மார்க் விமானிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒரு விமானத்துக்கு நீல்ஸ் எபெசன் என்று பெயர். 1340-ல் டென்மார்க்கை ஆட்டிப்படைத்த ஜெர்மானியப் பிரபுவைக் கொன்றவர் அவர். சரியாக அறுநூறு வருடத்துக்கு முந்தைய கணக்கு! அந்த மூன்று விமானிகளும் இருந்த ஸ்குவாட்ரனின் முழுப்பெயர் என்ன தெரியுமா? "234 மெட்ராஸ் பிரசிடென்சி ஸ்குவாட்ரன்." நம் மாகாணத்தில் வசூலித்த போர் நிதிக்குப் பதில் மரியாதையாக வைத்த பெயர். 79, 264 ஆகிய ஸ்குவாட்ரன்களுக்கும் இதே பெயர் உண்டு.

அந்த மூவரில் அக்சல் ஸ்வென்சன் அதே மாதமே இறந்தார். யோர்கன் தால்பிட்சர் ஜூலையில் பிரான்ஸுக்கு மேலே வீழ்ந்து சிறைப்பட்டார். டென்மார்க்காரன் என்று தெரிந்தால் ஆபத்து என்பதால் "ஜான் தாம்சன்" என்று ஆங்கிலேயப் பெயரில் முகாமில் இருந்தார். 1943 மார்ச்சில் போலந்தின் ஷூபின் முகாமிலிருந்து, கழிவறைக்கு அடியில் தோண்டிய சுரங்கம் வழியாக முப்பதுக்கு மேற்பட்டோர் வெளியேறினார்கள். தால்பிட்சரும் ஜிம்மி பக்லி என்ற ஆங்கிலேயக் கடற்படை விமானியும் மட்டும் எப்படியோ கோபன்ஹேகன் வரை வந்துவிட்டார்கள். தான் பிறந்த நாட்டுக்கே வந்துவிட்டார், ஆனால் அங்கே தங்க முடியாது. எதிர்க்கரையில் நடுநிலை நாடான சுவீடன். இருவரும் ஒரு சிறு துடுப்புப் படகில் இரவில் கிளம்பினார்கள். போய்ச் சேரவில்லை. தால்பிட்சரின் உடல் பிறகு கிடைத்தது. பக்லியின் உடல் கிடைக்கவே இல்லை.

மதராஸ் பக்கம் திரும்புங்கள். 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, நம் தலைவர்கள் ஒருவரையும் கேட்காமல், இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்தார். அதை எதிர்த்து மதராஸில் ராஜாஜியின் அமைச்சரவை அக்டோபர் கடைசியில் விலகியது. தால்பிட்சர் சிறைப்பட்ட அடுத்த மாதமே "வெள்ளையனே வெளியேறு" தீர்மானம் வந்தது. தங்கள் அரசு போர் வேண்டாம் என்ற பிறகும், எனக்குப் போர் உண்டு என்று புறப்பட்ட மூன்று பேர் பறந்தது, உனக்குப் போர் வேண்டுமா என்று யாரும் கேட்காத மாகாணத்தின் பெயரைச் சுமந்த ஸ்குவாட்ரனில். நாஜிகள் தோற்க வேண்டும் என்று மனதார நினைத்துக் காசு கொடுத்தவர்களும் நம்மிடம் இருந்திருப்பார்கள். கேட்பவர் அதிகாரி என்பதால் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். டென்மார்க்காரர் கொடுத்த காசுக்கும் இந்தக் காசுக்கும் ரசீதில் வித்தியாசம் தெரியாது.

அதனால் உங்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். தாத்தா பாட்டி வைத்துவிட்டுப் போன டிரங்குப் பெட்டியில் 1940-42 காலத்துப் போர் நிதி ரசீது, சட்டையில் குத்தும் பேட்ஜ், மிராசு கணக்கு நோட்டு எதிலாவது "யுத்த நிதி" என்று ஒரு வரி, எது கிடைத்தாலும் கைபேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கொடுத்தவர் யார், எவ்வளவு, யார் வந்து கேட்டார் என்று வீட்டில் சொல்லக் கேட்டது இருந்தால் அதையும் எழுதுங்கள். எழுத்துப் பிழை பார்க்க மாட்டேன்.